தாயின் குருதியில் மலேரியா: தாய்சேய் நல ஆய்வு கடந்து வந்த வழி



இவ்வுரை எடுத்துக்கொண்ட பொருள் மலேரியாவும் தாய்சேய் நல ஆய்வும். கொசுவைப் பற்றியும் குளிர்காய்ச்சலைப் பற்றியும் மேடைகளில் நிறையவே பேசப்பட்டிருக்கிறது. இங்கே கேட்கப்படுவது ஒரே ஒரு கேள்வி. கருவுற்ற பெண்ணுக்கும் அவள் பெற்றெடுக்கும் குழந்தைக்கும் எது நன்மை செய்யும், எது தீங்கு செய்யும் என்பதை மருத்துவம் எவ்வாறு அறிந்துகொண்டது? ஊகித்து அறிந்ததா, சோதித்து அறிந்ததா? ஊகத்தை நம்பிய இடங்களில் என்ன நேர்ந்தது? சோதித்துப் பார்த்த இடங்களில் என்ன கிடைத்தது? இவற்றுக்கு விடை தேடினால் பம்பாயின் ஆலைத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து சென்னைத் திருவல்லிக்கேணிக்கும், குன்னூர் மலையிலிருந்து கென்யாவின் கிசுமு நகருக்கும், சான்சிபார் தீவுகளுக்கும் போய் வர வேண்டியிருக்கும்.

முதலில் நோயின் அளவைத் தெரிந்துகொள்வது நலம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023-ஆம் ஆண்டில் மலேரியா கண்டவர்கள் 26 கோடியே 30 லட்சம் பேர். இறந்தவர்கள் 5 லட்சத்து 97 ஆயிரம் பேர். இறப்புகளில் மிகப் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவில் நேர்ந்தவை. அங்கே இறந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். அந்தக் கண்டத்தில் நோய் மிகுந்த நாடுகளில் கருவுறும் பெண்களில் சுமார் மூன்றில் ஒருவர் சூல்காலத்தில் மலேரியாவுக்கு ஆளாகிறார். இந்த நோயின் சுமையைத் தாயும் சேயுமே சுமக்கிறார்கள் என்றால், இந்த நோயைப் பற்றிய ஆய்வும் அவர்களை நடுவில் வைத்து நடந்திருக்க வேண்டும் அல்லவா? நெடுங்காலம் அப்படி நடக்கவில்லை என்பதே வரலாறு.

நோயின் காரணம் தெரிந்து நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. 1880-இல் அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில் பிரெஞ்சுப் படை மருத்துவர் அல்போன்ஸ் லாவெரான் நோயாளியின் குருதியில் ஒட்டுண்ணியைக் கண்டார். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் அதே ஒட்டுண்ணியின் வளர்நிலையைக் கண்டார். மனிதரைத் தாக்கும் வகைகளுள் உயிருக்குப் பெரும் ஆபத்தானது ஃபால்சிபாரம்; இந்தியாவில் அதனுடன் சேர்ந்து பரவலாகக் காணப்படுவது வைவாக்ஸ். அனாபிலிஸ் வகைப் பெண் கொசு கடிக்கும்போது உடலில் புகும் ஒட்டுண்ணி முதலில் கல்லீரலில் பெருகி, பின்பு இரத்தச் சிவப்பணுக்களுக்குள் நுழைந்து அவற்றை உடைத்துக்கொண்டு வெளிவருகிறது. காய்ச்சலும் நடுக்கமும் இரத்தசோகையும் இந்த இரண்டாம் கட்டத்தில் வருபவை.

இனித் தாயின் நிலைக்கு வரலாம்.

மலேரியா ஆண்டுதோறும் பரவும் ஊர்களில் பிறந்து வளர்பவர்கள், குழந்தைப் பருவத்தைத் தாண்டிவிட்டால், கொசு கடித்தாலும் கடுமையாக நோயுறுவதில்லை. மீண்டும் மீண்டும் நோய்க்கு ஆளானதால் அவர்களுடைய குருதியில் எதிர்ப்பொருள்கள், அதாவது ஒட்டுண்ணியை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் புரதங்கள், உருவாகியிருக்கின்றன. மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் கெனெபா என்னும் சிற்றூரில் நெடுங்காலம் ஆய்வு நடத்திய இயன் மக்ரெகரும் அவருடைய தோழர்களும் இதை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பித்தார்கள். வயது வந்த காம்பியர்களின் குருதியிலிருந்து எதிர்ப்பொருள்களைப் பிரித்தெடுத்து நோயுற்ற குழந்தைகளுக்குச் செலுத்தியபோது அக்குழந்தைகளின் உடலில் ஒட்டுண்ணிகள் விரைந்து குறைந்தன. 1961-இல் வெளிவந்த அந்த ஆய்வே, மலேரியாவுக்கு ஒருநாள் தடுப்பூசி செய்ய முடியும் என்னும் நம்பிக்கைக்கு அடிப்படையாயிற்று.

ஆனால் அதே ஊர்களில் ஒரு புதிர் இருந்தது. பல ஆண்டுகளாக மலேரியா அண்டாத ஓர் இளம்பெண் தலைச்சூல் கொண்டவுடன் மறுபடியும் நோய்க்கு ஆளானாள். விரல் நுனியில் எடுத்த குருதியில் ஒட்டுண்ணி தென்படாத நிலையிலும், பேற்றுக்குப் பின் நஞ்சுக்கொடியை ஆராய்ந்தால் அங்கே ஒட்டுண்ணிகள் திரள் திரளாக இருந்தன. தாய்க்கு இரத்தசோகை, பிறந்த குழந்தையோ எடை குறைந்தது. இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த எடையில் பிறக்கும் குழந்தை முதல் ஆண்டைக் கடப்பது கடினம் என்பதால், தாயின் உடலில் காய்ச்சலாகக்கூட வெளிப்படாத அந்த நோய் எத்தனையோ சிசுக்களின் உயிரை ஓசையின்றிக் கொண்டுபோயிற்று. அவர்களுடைய இறப்புச் சான்றில் மலேரியா என்ற சொல்லே இருந்திருக்காது.

கருவுற்ற காலத்தில் உடலின் எதிர்ப்பாற்றல் பொதுவாகத் தளர்ந்துவிடுகிறது, ஆதலால் நோய் வருகிறது என்று மருத்துவ நூல்கள் விளக்கம் கூறின. கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் எதிர்ப்பாற்றல் தளர்வதுதான் காரணம் என்றால், தலைச்சூலில் இவ்வளவு கடுமையாகத் தாக்கும் நோய் மூன்றாம் சூலிலும் நான்காம் சூலிலும் ஏன் தணிந்துபோகிறது? ஒவ்வொரு கருப்பமும் உடலை ஒரே விதமாகத்தானே மாற்றுகிறது?

1996-இல் மிக்கல் ஃபிரைட், பேட்ரிக் டஃபி என்னும் இரு ஆய்வாளர்கள், கென்யாவின் மேற்குப் பகுதியில் விக்டோரியா ஏரிக்கரையில் உள்ள கிசுமுவில் தாய்மார்களிடமிருந்து பெற்ற நஞ்சுக்கொடிகளைக் கொண்டு இதற்கு விடை கண்டார்கள். ஓடும் ஆற்றில் தோணியைக் கரையோடு சேர்த்துக் கட்டுவதைப் போல, ஃபால்சிபாரம் புகுந்த சிவப்பணு இரத்தக் குழாயின் சுவரில் தன்னைப் பிணைத்துக்கொள்கிறது. அவ்வாறு செய்யாவிட்டால் அது மண்ணீரலுக்குப் போய் அழிந்துவிடும். பிணைத்துக்கொள்ளும் புரதத்தை ஒட்டுண்ணி அடிக்கடி மாற்றிக்கொள்கிறது. அதற்கென ஏறத்தாழ அறுபது மரபணுக்கள் அதனிடம் உள்ளன. வளர்ந்த ஒரு பெண்ணின் உடல் அவற்றுள் பெரும்பாலானவற்றை ஏற்கெனவே அறிந்திருக்கும். ஆனால் நஞ்சுக்கொடி என்பது அவள் கருவுறும் வரை அவளுடைய உடலில் இல்லாத உறுப்பு. அதன் பரப்பில் காண்ட்ராய்ட்டின் சல்பேட் ஏ என்னும் சர்க்கரைச் சேர்மம் இருக்கிறது. அதனுடன் மட்டும் பிணையும் ஒட்டுண்ணிகள் அங்கே வந்து குவிகின்றன. அந்தப் பிணைப்புப் புரதத்தை அவளுடைய உடல் அதற்கு முன் சந்தித்ததே இல்லை. ஆகவே தலைச்சூலில் அவளிடம் அதற்கான எதிர்ப்பொருள் இல்லை; அடுத்தடுத்த சூல்களில் அது உருவாகி அவளைக் காக்கிறது. 2003-இல் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் அந்தப் புரதத்தை அடையாளம் கண்டு, வார்2சிஎஸ்ஏ என்று பெயரிட்டார்கள்.

இந்தக் கண்டுபிடிப்பு ஏன் இவ்வளவு விரித்துச் சொல்லத்தக்கது? தாய்மார்களின் எதிர்ப்பாற்றல் தளர்ச்சி என்னும் பழைய விளக்கத்தில் குறை பெண்ணின் உடலில் இருந்தது. புதிய விளக்கத்தில் அவளுடைய உடல் நலிந்ததாக இல்லை, புதிய எதிரி ஒன்றைச் சந்தித்து அதை வெல்லக் கற்றுக்கொள்வதாக இருக்கிறது. அந்தக் கல்வியை முன்கூட்டியே தடுப்பூசியாகக் கொடுத்துவிட முடியும் என்ற எண்ணம் அங்கிருந்தே பிறந்தது. பெனினிலும் புர்கினா ஃபாசோவிலும் அத்தகைய தடுப்பூசிகளின் தொடக்கநிலைச் சோதனைகள் நடந்துள்ளன. எலிகளையோ ஆண்களையோ எத்தனை காலம் ஆராய்ந்திருந்தாலும் இந்த உண்மை வெளிப்பட்டிருக்குமா? கருவுற்ற பெண்களை ஆராய்ந்ததால் மட்டுமே இது கிடைத்தது.

அவையோரே, இனித் தமிழ்நாட்டோடு நேரான தொடர்புடைய ஒரு பகுதிக்கு வரலாம்.

1928-ஆம் ஆண்டின் இறுதியில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அந்நகரின் துணியாலைத் தொழிலாளர் குடும்பங்களில் கருவுற்ற பெண்கள் கடுமையான இரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெருத்திருந்தன. நோய்க்கிருமியா, நஞ்சா, உணவுக் குறையா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வில்ஸ் அவர்களுடைய உணவை ஆராய்ந்தார். வறுமை மிகுந்து, பழமும் காய்கறியும் அரிதாகவே கிடைத்த பெண்களிடம் நோய் மிகுந்திருப்பதைக் கண்டார். ஆய்வு அவரைக் குன்னூருக்குக் கொண்டுவந்தது. அங்கே பாஸ்டர் நிறுவன வளாகத்தில் ராபர்ட் மக்காரிசன் நடத்திய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில், பம்பாய்ப் பெண்கள் உண்ட அதே உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எலிகளுக்குச் சோகை வந்தது. ஆனால் அதற்குப் பெரும் காரணம் பேன்கள் பரப்பிய வேறொரு தொற்று என்று பின்னர் தெரிந்தது. வேறொருவராக இருந்தால் அங்கேயே சோர்ந்து போயிருக்கலாம். வில்ஸ் குரங்குகளிடம் ஆய்வைத் தொடர்ந்தார். ஈஸ்ட்டிலிருந்து எடுக்கப்படும் மார்மைட் என்னும் மலிவான உணவுச் சாறு, சோகையுற்ற குரங்கை வியக்கத்தக்க வகையில் தேற்றியது. அதே சாறு கருவுற்ற தாய்மார்களையும் தேற்றியது. 1931-இல் அவர் தம் முடிவுகளை வெளியிட்டார். அந்த ஆண்டின் தொடக்கத்தில் அவர் பணிபுரிந்த இடம் சென்னையின் கோஷா மருத்துவமனை. இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா காந்தி அரசு தாய்சேய் நல மருத்துவமனை என்று வழங்குவது அதுதான்.

அந்தச் சாற்றில் இருந்த மருந்துப் பொருள் எது? பத்தாண்டுகள் வரை அதை வில்ஸ் காரணி என்றே குறித்தார்கள். 1941-இல் அது கீரையிலிருந்து பிரிக்கப்பட்டு ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. 1945-இல் அதைச் செயற்கையாகத் தயாரித்ததாக அறிவித்த அமெரிக்க ஆய்வுக் குழுவின் தலைவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் கருவுற்ற பெண்களுக்கு வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையில் ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருக்கிறது. அதன் பின்னால் பம்பாய்ப் பெண்களின் துயரும், குன்னூர் ஆய்வுக்கூடத்தின் உழைப்பும், சென்னையில் படித்த ஒருவரின் வேதியியல் அறிவும் இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் லூசி வில்ஸின் பெயர் இடம்பெற வேண்டும் என்று கோருவது மிகையான கோரிக்கை ஆகாது.

ஆனால் மலேரியாவைப் பற்றிய உரையில் ஃபோலிக் அமிலத்துக்கு என்ன இடம்? இடம் இருக்கிறது, நடு இடமே இருக்கிறது.

புதிய உயிரணு ஒவ்வொன்றும் உருவாக ஃபோலேட் வேண்டும். மனித உடல் அதைத் தானே செய்துகொள்ள இயலாது, உணவிலிருந்து பெறுகிறது. மலேரியா ஒட்டுண்ணியோ அதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அந்தத் தயாரிப்பைத் தடுத்துவிட்டால் ஒட்டுண்ணி பெருக முடியாது. மனிதருக்குப் பெரும் தீங்கும் நேராது. ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், கெர்ட்ரூட் எலியன் ஆகியோர் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கிய பைரிமெத்தமின் இந்த வழியில் செயல்படும் மருந்து. சல்ஃபா வகையைச் சேர்ந்த சல்ஃபடாக்சின் அதே தயாரிப்பை இன்னொரு படிநிலையில் தடுக்கிறது. இரண்டையும் சேர்த்த மாத்திரை நெடுநாள் உடலில் தங்கும், விலையும் குறைவு, ஒரே வேளையில் விழுங்கிவிடலாம்.

இந்தக் கூட்டு மருந்தே தாய்மார்களைக் காக்கும் கருவியாயிற்று. நோய் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், கருவுற்ற பெண் பரிசோதனைக்கு வரும்போது செவிலியரின் கண்முன்னே ஒரு முழு அளவு மருந்தை விழுங்கச் செய்வது. நஞ்சுக்கொடியில் மறைந்திருக்கும் ஒட்டுண்ணி ஒழியும், புதியது சில வாரங்களுக்கு அண்டாது. இதை இடைவிட்ட தடுப்பு மருந்து முறை என்கிறார்கள். மலாவியிலும் கென்யாவிலும் நடந்த சோதனைகள் இம்முறை நஞ்சுக்கொடித் தொற்றையும் கடும் சோகையையும் குறைப்பதை எடுத்துக்காட்டின. மலாவி 1993-லேயே இதை நாட்டின் கொள்கையாக ஏற்றது. 2012-இல் உலக சுகாதார நிறுவனம், நோய் மிகுந்த ஆப்பிரிக்கப் பகுதிகளில் நான்காம் மாதம் முதல் ஒவ்வொரு பரிசோதனையின்போதும், குறைந்தது ஒரு மாத இடைவெளியில், மூன்று முறைக்குக் குறையாமல் இம்மருந்தை வழங்கப் பரிந்துரைத்தது.

இங்கே ஒரு முரண் எழுகிறது. தாய்க்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். ஒட்டுண்ணியைக் கொல்லும் மருந்தோ ஃபோலேட்டைத் தடுத்துச் செயல்படுகிறது. இரண்டையும் ஒரே தாய்க்குக் கொடுத்தால் என்ன ஆகும்? நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் என்னும் பெரிய அளவில் ஃபோலிக் அமிலம் கொடுத்தால் மலேரியா மருந்தின் ஆற்றல் குன்றுகிறது என்றும், 0.4 மில்லிகிராம் என்னும் சிறிய அளவு தடையாவதில்லை என்றும் ஆய்வுகள் காட்டின. நன்மை செய்யும் இரண்டு மாத்திரைகள் அளவு தவறினால் ஒன்றையொன்று கெடுக்கும்! இதை எந்த நல்லெண்ணத்தாலும் முன்னறிந்திருக்க முடியாது. அளந்து பார்த்ததால்தான் தெரிந்தது.

இதைவிடக் கடுமையான பாடம் சான்சிபாரைச் சேர்ந்த பெம்பா தீவில் கிடைத்தது. மலேரியா மிகுந்த அத்தீவில் குழந்தைகளுக்கு இரத்தசோகை பரவலாக இருந்தது. சோகைக்கு இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் கொடுப்பது உலகம் முழுவதும் ஏற்ற வழக்கம். அதை முறைப்படி சோதித்துப் பார்க்க, மூன்று வயதுக்கு உட்பட்ட 24,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு பெரும் ஆய்வு தொடங்கப்பட்டது. என்ன நேர்ந்தது? இரும்பும் ஃபோலிக் அமிலமும் பெற்ற குழந்தைகளிடையே, பெறாதவர்களைவிட, கடுமையாக நோயுற்று மருத்துவமனையில் சேர்வதும் இறப்பதும் 12 விழுக்காடு மிகுந்திருந்தன. கண்காணிப்புக் குழு 2003-இல் அந்தப் பிரிவுகளை நிறுத்தியது. 2006-இல் முடிவுகள் வெளிவந்தன. மலேரியா அரிதான நேபாளச் சமவெளியில் அதே வகையில் நடந்த ஆய்வில் இத்தகைய தீங்கு காணப்படவில்லை.

அப்படியானால் இரும்புச்சத்தை நிறுத்திவிடுவதா? பெம்பா ஆய்வின் முடிவைக் கேட்டுச் சிலர் அவ்வாறே எண்ணினார்கள். ஆனால் அதே ஆய்வுக்குள், மலேரியாவை உடனுக்குடன் கண்டறிந்து சிகிச்சையளித்த ஒரு சிறு பிரிவில், இரும்புச்சத்துக் குறைந்த குழந்தைகள் அதனால் பயனே பெற்றிருந்தார்கள். கென்யாவின் சிற்றூர்களில் 470 கருவுற்ற பெண்களிடம் நடந்து 2015-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் இரும்பு பெற்ற தாய்மார்களுக்கு மலேரியா மிகவில்லை. அவர்களுடைய குழந்தைகள் சராசரியாக 150 கிராம் கூடுதல் எடையுடன் பிறந்தார்கள். ஆகவே இரும்பு நஞ்சும் அன்று, எங்கும் எப்போதும் அமுதமும் அன்று. மலேரியா மிகுந்த ஊரில் அது நோய்த் தடுப்போடும் சிகிச்சையோடும் சேர்ந்தே வழங்கப்பட வேண்டியது. இந்தத் தெளிவு, பெம்பா ஆய்வை நிறுத்திவிட்டு மறந்துபோகாமல் மேலும் கேள்வி கேட்டவர்களால் கிடைத்தது.

குழந்தைகளின் சிகிச்சையிலும் இதே வரலாறுதான். கடும் காய்ச்சலோடு, கைகால் சில்லிட்டு, இரத்த ஓட்டம் தளர்ந்த நிலையில் வரும் குழந்தைக்குச் சிரை வழியாக நீர்மத்தை விரைவாக ஏற்றுவது செல்வ நாடுகளில் கேள்வியின்றி ஏற்கப்பட்ட முறை. ஆப்பிரிக்க மருத்துவமனைகளில் அதைச் செய்ய வசதி இல்லையே என்று வருந்தினார்கள். கேத்ரின் மெய்ட்லேண்டும் அவருடைய கென்ய, உகாண்டா, தான்சானிய தோழர்களும் வருந்துவதோடு நிற்கவில்லை. 3,141 குழந்தைகளிடம் அதைச் சோதித்தார்கள். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மலேரியா இருந்தது. 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள், விரைவாக நீர்மம் ஏற்றப்பட்ட இரு பிரிவுகளிலும் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல்; ஏற்றப்படாத பிரிவில் 7.3 விழுக்காடு மட்டுமே. 2011-இல் இது வெளிவந்தபோது நம்ப மறுத்தவர்கள் உண்டு. இந்தச் சோதனை நடக்காமல் இருந்திருந்தால், வசதி பெருகப் பெருக அந்த முறையும் ஆப்பிரிக்கா எங்கும் பரவியிருக்கும். எத்தனை தாய்மார்கள் தம் குழந்தைகளை இழந்திருப்பார்கள் என்று எண்ணும்போது நெஞ்சு நடுங்குகிறது.

சோதனை தடுத்தது மட்டுமா? கொடுத்ததும் உண்டு. காம்பியாவில் பிரையன் கிரீன்வுட்டின் குழு பூச்சிமருந்தில் நனைத்த கொசுவலையைச் சோதித்து, ஒன்று முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகளின் இறப்பு 63 விழுக்காடு குறைந்ததாக 1991-இல் அறிவித்தது. ஒரு வலைக்கு இவ்வளவு ஆற்றலா என்று உலகம் ஐயுற்றது; ஆகவே கானா, கென்யா, புர்கினா ஃபாசோ ஆகிய நாடுகளிலும் சோதித்தார்கள். எல்லா ஆய்வுகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோது இறப்புக் குறைவு சுமார் 17 விழுக்காடு என்று வந்தது. முதல் எண்ணைவிடக் குறைவுதான். ஆனால் ஒரு வலையால் நூறு இறப்புகளில் பதினேழைத் தடுப்பது சிறிய செய்தியா? கடும் மலேரியாவுக்குப் பழைய மருந்தான குனைனுக்கு மாற்றாக ஆர்ட்டிசுனேட் ஊசி, ஒன்பது ஆப்பிரிக்க நாடுகளில் 5,425 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டு, இறப்பை 10.9 விழுக்காட்டிலிருந்து 8.5 ஆகக் குறைத்தது. அந்த 2010-ஆம் ஆண்டு முடிவே குனைனின் நூற்றாண்டுக் கால ஆட்சியை முடித்துவைத்தது. குழந்தைகளுக்கான மலேரியாத் தடுப்பூசிகள் இரண்டு, 2021-லும் 2023-லும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையைப் பெற்று இன்று ஆப்பிரிக்க நாடுகளில் வழங்கப்பட்டுவருகின்றன.

மீண்டும் தாயிடம் திரும்ப வேண்டும். ஏனெனில் இவ்வளவு முன்னேற்றத்திலும் பின்தங்கி நிற்பவள் அவளே.

மருந்துச் சோதனைகளில் கருவுற்ற பெண்களைச் சேர்ப்பதில்லை என்பது நெடுநாள் வழக்கம். தாலிடோமைடு மருந்தால் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் உறுப்புக் குறையோடு பிறந்த கொடுமையை இதற்குக் காரணமாகக் காட்டுவார்கள். ஆனால் தாலிடோமைடு கருவுற்ற பெண்களிடம் முறைப்படி சோதிக்கப்பட்டதால் வந்த கேடா அது? இல்லை. சோதிக்கப்படாமலேயே அவர்களிடம் விற்கப்பட்டதால் வந்த கேடு. பாடத்தைத் தலைகீழாகப் படித்த மருத்துவ உலகம், சோதனையிலிருந்து தாயை விலக்கியது. மருந்துகளோ சோதிக்கப்படாமலேயே அவளிடம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன.

இதன் விளைவை மலேரியாவில் கண்கூடாகக் காணலாம். ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்துகள் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே ஃபால்சிபாரம் மலேரியா கண்ட மற்ற எல்லாருக்கும் முதல் மருந்தாயின. கருவின் முதல் மூன்று மாதங்களில் இருந்த பெண்ணுக்கு மட்டும், காதில் இரைச்சலும் குமட்டலும் இரத்தச் சர்க்கரைத் தாழ்வும் உண்டாக்கும் குனைனை ஏழு நாள் விழுங்கச் சொன்னார்கள். கருவுற்றது தெரியாமலும் வேறு வழியின்றியும் புதிய மருந்தை உட்கொண்ட பெண்களின் பதிவுகளைப் பல நாடுகளிலிருந்து பல ஆண்டுகள் திரட்டி ஒப்பிட்ட பிறகே, குனைனைவிட அது கருவுக்குக் கூடுதல் தீங்கு செய்வதில்லை என்பது தெளிந்தது. 2022-இல்தான் ஆர்ட்டிமெத்தர்–லூமிஃபான்ட்ரின் முதல் மூன்று மாதங்களுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. இருபது ஆண்டுகள்! பிறந்த சில வாரங்களே ஆன, ஐந்து கிலோவுக்குக் குறைந்த சிசுவுக்கென்று அளவிட்ட மலேரியா மருந்து முதன்முதலாக ஓர் ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதலைப் பெற்றது 2025-ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்தில்.

தாய்மார்களைச் சேர்த்துக்கொண்டு ஆய்வு செய்வது இயலாத காரியமா? தாய்லாந்து–மியன்மார் எல்லையில் ஷோக்லோ மலேரியா ஆய்வு மையம் 1986 முதல் அதைச் செய்துவருகிறது. அகதிகளாக வந்த கரேன் இனப் பெண்களின் குருதியை வாரந்தோறும் பரிசோதித்து, நோய் கண்டவுடன் மருந்தளித்து, ஒவ்வொரு பேற்றின் முடிவையும் பதிந்து வந்ததால், தாய்மார்களின் உயிரும் காக்கப்பட்டது, அறிவும் வளர்ந்தது. கென்யா, மலாவி, தான்சானியா ஆகிய நாடுகளில் 4,680 கருவுற்ற பெண்கள் பங்கேற்ற ஆய்வொன்று 2023-இல் வெளிவந்தது. புதிய மருந்தான டைஹைட்ரோஆர்ட்டிமிசினின்–பிப்பராகுவின் மலேரியாவை நன்றாகத் தடுத்தது. ஆயினும் குழந்தையின் எடை, ஒட்டுண்ணி பெரிதும் பழகிப்போன பழைய சல்ஃபடாக்சின் கூட்டைப் பெற்ற தாய்மார்களிடமே கூடுதலாக இருந்தது. மலேரியாவைத் தவிர வேறு தொற்றுகளிலும் அந்தப் பழைய மருந்து செயல்படுகிறது போலும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தாய்மார்களைக் கேட்காமல், ஒட்டுண்ணியை மட்டும் எண்ணியிருந்தால் பழைய மருந்தை என்றோ தூக்கி எறிந்திருப்பார்கள். மாலி நாட்டில் விரைவில் கருவுற விரும்பிய 300 பெண்களிடம் ஒரு தடுப்பூசியைச் சோதித்து, கருவுற்ற பின்னும் அது காப்பளிப்பதை 2024-இல் அறிவித்தார்கள். வழி திறந்துவிட்டது, இனி நடக்க வேண்டும்.

இங்கே கூடியிருப்பவர்கள் இது ஆப்பிரிக்காவின் செய்தி என்று எண்ணிவிடலாகாது. இலங்கை 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. இந்தியா இன்னும் அந்நிலையை எட்டவில்லை. ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் மாநிலங்களின் காட்டுப் பகுதிகளில் பழங்குடிப் பெண்கள் மலேரியாவோடு கருத்தரிக்கிறார்கள். சென்னையின் கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் வளரும் அனாபிலிஸ் ஸ்டீபென்சி கொசு வைவாக்ஸ் மலேரியாவைப் பல பத்தாண்டுகளாக நகருக்குள் பரப்பிவந்திருக்கிறது. வைவாக்ஸ் உயிரைக் கொல்வது அரிது என்று பொருட்படுத்தாமல் விடப்பட்டது. ஷோக்லோ மையம்தான் அது பிறக்கும் குழந்தையின் எடையைச் சராசரியாக 100 கிராமுக்கு மேல் குறைப்பதை 1999-இல் எடுத்துக்காட்டியது.

வைவாக்ஸ் கல்லீரலில் உறங்கிக் கிடந்து மாதங்கள் கழித்து மீண்டும் எழும். அந்த உறங்கும் ஒட்டுண்ணியை ஒழிக்கும் பிரிமாகுவினும், 2018-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டஃபெனோகுவினும் கருவுற்ற பெண்ணுக்குக் கொடுக்கக் கூடாதவை. கருவிலிருக்கும் குழந்தைக்கு ஜி6பிடி என்னும் நொதி குறைந்திருந்தால் அதன் சிவப்பணுக்கள் சிதைந்துவிடக்கூடும், அதை முன்கூட்டி அறிய எளிய வழியும் இல்லை. ஆகவே வைவாக்ஸ் கண்ட தாய் குளோரோகுவினால் காய்ச்சலைத் தணித்துக்கொண்டு, பேறு முடியும் வரை மறுபடி மறுபடி நோயைத் தாங்க வேண்டியிருக்கிறது. இந்த அவையில் அமர்ந்திருக்கும் இளம் மருத்துவர்களும் ஆய்வு மாணவர்களும் தமக்கென ஓர் ஆய்வுப் பொருளைத் தேடிக்கொண்டிருந்தால், அது இதுவாகட்டும்: வைவாக்ஸ் கண்ட கருவுற்ற பெண்ணை, அவளுடைய கருவுக்குத் தீங்கின்றி, முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை உலகில் இல்லை.